கம்பெனி பேட்டரியும் செல்லூர் பேட்டரியும்

அத்தியாயம் பதினேழு

சூரியபிரகாஷ் தன் அக்காள் வீட்டு வாசலை மிதித்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சென்ற வியாழக்கிழமை நாகஜோதி செல்லூருக்குப் போய், தம்பியின் கடை மேசைமீது வெற்றிலை பாக்கை வைத்து, "உன் மருமகளுக்குக் காது குத்துறோம். தாய்மாமன் மடி இல்லாம எப்புடிடா குத்துறது?" என்று கேட்டதையும், அவன் தலையைக் குனிந்தபடியே, "வாரேன்க்கா" என்று சொன்னதையும் வாசகர்கள் அறிவார்கள்.

அதற்கு அவள் கணவன் அழகுராஜா என்ன சொன்னான் என்பதை அறியமாட்டார்கள். "பந்திக்கு எத்தனை இலை?" என்று மட்டும் கேட்டான்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அழகுராஜாவுக்குக் காளவாசலில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. மைத்துனன் சூரியபிரகாஷ் அங்கேதான் வேலை பார்த்துவந்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி முகூர்த்தத்தில், செல்லூரில் விசைத்தறி வைத்திருக்கும் காசிமாயனின் மூத்த மகளுக்குத் திருமணம். சூரியபிரகாஷ் அதற்காகப் புதிதாக இரண்டு பேட்டரிகள் வாங்கியிருந்தான். அவை கேமராக் கம்பெனியின் பேட்டரிகள் அல்ல. வேறொரு நிறுவனம் செய்து, பாதி விலைக்கு விற்பவை.

மணமகன் தாலியைக் கையில் எடுத்த நொடியில் கேமரா படம் எடுக்க மறுத்தது. 'இந்தப் பேட்டரியை ஏற்க இயலாது' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு திரையில் தோன்றியது. அடுத்த பேட்டரியைப் போட்டாலும் அதே அறிவிப்பு. மூன்று முடிச்சும் விழுந்து முடிந்தன. அந்தப் படம் இன்றுவரை யாரிடமும் இல்லை.

அழகுராஜா அன்றைக்கு மண்டபமே கேட்கும்படி கத்தினான். "டூப்ளிகேட் பேட்டரிக்காரன்! என் மானத்த வாங்கிட்டான்!" என்று மைத்துனனைக் கைகாட்டினான். சூரியபிரகாஷ் வீட்டுக்கு வந்து அதே பேட்டரிகளைப் போட்டுப் பார்த்தபோது, இரண்டும் ஒழுங்காக வேலை செய்தன. அதைச் சொன்னான். யாரும் நம்பவில்லை. மறுநாளே வேலையை விட்டு, செல்லூரில் ஒரு சந்துக்குள் கேமரா பழுது பார்க்கும் கடையைத் திறந்தான். அழகுராஜாவுக்கு எரிச்சல் வரட்டும் என்றோ என்னவோ, அதே பேட்டரிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக அடுக்கி விற்கவும் தொடங்கினான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நாகமலை புதுக்கோட்டையில், பல்கலைக்கழகத்தை நோக்கிப் போகும் சாலையோர மண்டபத்தில், அழகுராஜா நாகஜோதி தம்பதியின் ஒரே மகள் முத்துமீனாவுக்குக் காதணி விழா.

---

காலை ஏழரை மணிக்கு மணமகள் அறையில் அழகுராஜா கேமராப் பையைத் திறந்துகொண்டிருந்தான்.

"போட்டோவ நானே எடுத்துக்கிறேன்" என்றான்.

நாகஜோதி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னுவதை நிறுத்தாமலே கேட்டாள்: "பிள்ளைக்கு அப்பன் நீங்க. வாசல்ல நின்னு தாய்மாமனைக் கையப் பிடிச்சுக் கூப்பிட வேணாமா?"

"அடுத்தவன் எடுத்தா எனக்குத் திருப்தியா இருக்காது ஜோதி. விருமாண்டி வீடியோ எடுக்கட்டும். போட்டோ நான்தான்."

அவள் ஒன்றும் அறியாதவள் அல்லள். சீர் கொண்டுவரும் தாய்மாமனுக்கு வாசலில் அவனுடைய அக்காள் ஆரத்தி எடுப்பாள். அக்காள் கணவன் முன்வந்து கையைப் பற்றி, 'வாங்க மாப்ள' என்று அழைப்பான். அவ்வழைப்பு வரும்வரை தாய்மாமனின் கால் படியேறாது. இரண்டு கைகளிலும் கேமராவைப் பிடித்திருப்பவனிடம், 'ஏன் கையை நீட்டவில்லை?' என்று எவரும் கேட்கப்போவதில்லை.

"கேமராவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கப் போறீங்க" என்றாள்.

"ஒளியிறதா? நானா? இந்தா பாரு பேட்டரிய. ரெண்டும் கம்பெனி. பாப்பா விசேசத்துக்குன்னே வாங்கி, ஃபுல் சார்ஜ் போட்டு, ஆயுத பூஜையில சாமிகிட்ட வச்சு எடுத்தது. அப்ப இருந்து தொடவே இல்ல. உன் தம்பி விக்கிற சாமான் மாதிரி நட்டாத்துல விட்டுட்டுப் போகாது."

"நட்டாத்துல விட்டுட்டுப் போனது பேட்டரி மட்டுந்தானா?"

அழகுராஜா பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

"அம்மா" என்றாள் முத்துமீனா. அவளுக்கு ஏழு வயது. மாமனைத் தொலைபேசித் திரையில் மட்டுமே நன்றாகப் பார்த்திருந்தாள். "மாமா வந்ததும் நான் ஓடிப் போகலாமா? இல்ல, பட்டுப் பாவாடை கட்டியிருக்கேன்னு நடந்துதான் போகணுமா?"

"நீ ஓடு" என்றாள் நாகஜோதி. "இங்க நடக்கவே யோசிக்கிற ஆளுக இருக்காங்க. நீயாச்சும் ஓடு."

---

ஒன்பதே முக்கால் மணிக்கு முதன்மைச் சாலையிலிருந்து உறுமிச் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து வெடி. மண்டபத்தில் அமர்ந்திருந்தவர்கள் எல்லாரும் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு வாசலுக்கு வந்தார்கள்.

பக்கத்து ஸ்டூடியோக்காரனான விருமாண்டி, வீடியோக் கேமராவைத் தோளில் சுமந்தபடி ஓடிவந்தான்.

"அண்ணே, உங்க மாப்ள லாரியிலயில்ல வந்து எறங்கியிருக்காரு! கிடா மட்டும் மூணு. வாழைத்தாரு, பித்தளை அண்டா, பட்டு, பழம்னு பொம்பளைக கையில பதினோரு தட்டு. ஒத்த ஆளா நின்னு இம்புட்டுச் சீரா? சந்துக்குள்ள கடை வச்சிருக்காருன்னு சொன்னீங்க, சந்தையே நடத்துறாரு போல!"

"வேலையப் பாரு விருமா."

அழகுராஜா வாசலுக்கு நேராக இடம் பார்த்து நின்றான். பைக்குள் கையைவிட்டு ஒரு பேட்டரியை எடுத்துக் கேமராவுக்குள் தள்ளி, மூடியை அடைத்து, பொத்தானை அழுத்தினான்.

திரையில் எழுத்து வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த அதே எழுத்து.

அவன் அதை இரண்டு முறை படித்தான். பேட்டரியைக் கழற்றினான்; மற்றதைப் போட்டான். கம்பெனி பேட்டரி, கடையில் பில் வாங்கி, உறையைத் தானே பிரித்தது. கம்பெனி செய்த கேமரா, அதே கம்பெனி செய்த பேட்டரியைப் பார்த்து, 'இதை ஏற்க இயலாது' என்றது.

அன்றாட வேலைக்குப் பயன்படும் பழைய பேட்டரிகள் காளவாசல் ஸ்டூடியோவில் சார்ஜரில் கிடந்தன. போய்வர அரை மணி நேரமாவது ஆகும். விருமாண்டியின் கேமராவோ வேறு கம்பெனி. அதன் பேட்டரி இதற்குள் நுழையாது.

"என்னண்ணே, சாமி கும்பிட்டு வச்ச பேட்டரி இன்னும் தியானத்துல இருக்கா?" என்று கேட்டுவிட்டு, விருமாண்டி ஊர்வலத்தைப் படம்பிடிக்க முன்னே ஓடினான்.

ஊர்வலம் மண்டபத்தின் வளைவுக்குள் திரும்பிவிட்டது. அழகுராஜா பேட்டரியை வெயிலில் திருப்பிப் பார்த்தான். ஒரு முனையில், தங்க நிறத்தில் மின்னவேண்டிய சிறு தகடுகளின்மேல் மஞ்சளாக ஏதோ காய்ந்து, ஓடுபோல் ஒட்டியிருந்தது. நடுவில் செக்கச்செவேலென்று ஒரு புள்ளி.

சந்தனம். குங்குமம்.

ஆயுத பூஜையன்று கேமராக்கள், லென்சுகள், விளக்குகள், முக்காலிகள் அனைத்துக்கும் அவனே பொட்டு வைப்பான். புதுப் பேட்டரிகளைச் சாமி படத்தின்முன் நிமிர்த்தி நிறுத்துவான். கம்பெனியின் பெயரை மறைக்கக் கூடாது என்பதால் பக்கவாட்டில் வைக்கமாட்டான். தங்கத் தகடுகள் பளபளக்கிற முனையைத்தான் பேட்டரியின் முகம் என்று எண்ணி, நிதானமாக, நிறையவே சந்தனம் குழைத்து, அங்கே பொட்டு வைப்பான். பழைய பேட்டரிகள் பூஜை நேரத்தில் கேமராவுக்குள்ளேயே இருப்பதால் அவற்றுக்கு அந்தப் பேறு வாய்த்ததில்லை.

நாகஜோதி ஆரத்தித் தட்டுடன் அவனருகில் வந்து நின்றாள்.

"என்னாச்சுங்க?"

அவன் பேட்டரியை அவளிடம் காட்டினான்.

"இதென்ன சந்தனம்?"

"பொட்டு."

"பேட்டரிக்கு யாருங்க பொட்டு வைப்பாங்க? அதுவும் கரண்டு போற எடத்துல?"

"நான்தான். புதுசு வாங்குனா வருசா வருசம் வைக்கிறதுதான்."

சொல்லி முடித்தபின்தான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. நாகஜோதி தட்டைப் பிடித்தபடி அவன் முகத்தையே பார்த்தாள்.

"வருசா வருசமா?"

"ஆமா."

"அந்த வருசமுமா?"

அவன் தலையசைத்தான். அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்து நான்காம் நாள் காசிமாயன் வீட்டுத் திருமணம். மைத்துனன் வாங்கிவந்த இரண்டு பேட்டரிகளும் பூஜையில் இருந்து நேரே பைக்குள் போயின; பையிலிருந்து நேரே மண்டபத்துக்குப் போயின.

"அப்பா, ரப்பர் வேணுமா?" என்றாள் முத்துமீனா. விழாவுக்கே பென்சில் பெட்டியைத் தூக்கிவந்திருந்த குழந்தை அவள். அவன் அவளிடமிருந்து ரப்பரை வாங்கி, ஒரு பேட்டரியின் தகடுகளை மட்டும் அழுத்தித் தேய்த்தான். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பேட்டரியைக் கேமராவுக்குள் போட்டான். திரை ஒளிர்ந்தது, பேட்டரி நிறைய இருப்பதாகக் காட்டியது.

இப்போது மூவரைத் தவிர அது எவருக்கும் தெரியாது. அம்மூவரில் ஒருத்தி குழந்தை; இன்னொருத்தி மனைவி. கேமராவை உயர்த்திக் கண்ணில் வைத்தால் போதும்.

"படம் எடுக்கலாம்ல இப்ப?" என்று நாகஜோதி கேட்டாள். குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

வாசலில் சூரியபிரகாஷ் வந்து நின்றுவிட்டான். வெள்ளை வேட்டி, தோளில் புதுத் துண்டு, முன்பைவிட மெலிந்த முகம். முதல் படிக்குக் கீழே கால்களைச் சேர்த்து நின்றான். உறுமிக்காரர்களும் சத்தத்தைத் தாழ்த்திக்கொண்டார்கள். எல்லாருடைய கண்களும் அழகுராஜாவைத் தேடின.

அவன் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி, ஊர்வலத்தோடு திரும்பி வந்திருந்த விருமாண்டியின் கழுத்தில் மாட்டினான்.

"வீடியோவ ஸ்டாண்டுல நிப்பாட்டிட்டு இதப் பிடி."

"அண்ணே! உங்க கேமராவத் தொட்டா கைய ஒடிப்பேன்னு சொல்லுவீங்களே!"

"இன்னைக்கு ஒடிக்கல. வெரசாப் பிடி."

சந்தனம் ஒட்டிய மற்றொரு பேட்டரியைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் படியிறங்கினான்.

"மாப்ள" என்றான். மூன்று ஆண்டுகளாகச் சொல்லாத சொல் ஆகையால், முதல்முறை அது பாதியிலேயே நின்றது. மறுபடியும் சொன்னான். "மாப்ள, உள்ள வர்றதுக்கு முன்னாடி இதக் கொஞ்சம் பாரு."

சூரியபிரகாஷ் பழுது பார்ப்பவனுக்கே உரிய முறையில் பேட்டரியை விரல்நுனிகளால் வாங்கினான். நகத்தால் சுரண்டினான். முகர்ந்தான்.

"சந்தனமா மச்சான்?"

"ஆயுத பூஜைப் பொட்டு."

"காண்டாக்ட்லயா?"

"அதுதான் அதோட மூஞ்சின்னு நெனச்சேன்."

யாரோ சிரித்தார்கள். சூரியபிரகாஷ் சிரிக்கவில்லை. பேட்டரியையும் மச்சானையும் மாறிமாறிப் பார்த்தான்.

"அன்னைக்கும்..." என்று தொடங்கினான்.

"அன்னைக்கும் நான்தான் வச்சேன். உன் பேட்டரி மேல தப்பில்ல. உன் மேலயும் தப்பில்ல. காசிமாயன் அண்ணன் வீட்டு விசேசத்துல ஊரே கேக்கச் சத்தம் போட்டேன்ல? இங்கயும் சத்தமாத்தான் சொல்லணும். தப்பு என்னோடது மாப்ள."

உறுமி முழுவதுமாக நின்றுபோயிருந்தது. சூரியபிரகாஷின் உதடுகள் துடித்தன. அழப்போகிறான் என்றே நாகஜோதி நினைத்தாள். அவனோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான்.

"மூணு வருசம் மச்சான்! மூணு வருசமா மண்டையப் பிச்சுக்கிட்டேன்! மண்டபத்துல செத்தது வீட்டுல எப்புடிப் பொழச்சதுன்னு வோல்டேஜ் பாத்தேன், சிப்பக் கழட்டிப் பாத்தேன், மழைக்காத்தா இருக்குமோன்னுகூட யோசிச்சேன். என் சட்டப் பையில ஒரசி ஒரசிப் பொட்டு உதிந்துருக்கு! அம்புட்டுத்தான்! இம்புட்டையும் யோசிச்சவன் சந்தனத்த யோசிக்கலியே!"

அழகுராஜாவும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். பிறகு இரண்டு கைகளையும் நீட்டி மைத்துனனின் கைகளைப் பற்றினான்.

"வாங்க மாப்ள."

"இருங்க, இருங்க! ரெண்டு பேரும் நகரக் கூடாது" என்று நாகஜோதி அதட்டினாள். "இம்புட்டு நாளாத் தட்டோட நிக்கிறேன். ஆரத்தி எடுத்து முடிச்சப்புறம் கட்டிப் பிடிங்க." தம்பிக்கு மட்டும் எடுக்கவேண்டிய ஆரத்தியை அவள் இருவரையும் சேர்த்துச் சுற்றினாள், முறையைக் குறித்து எவரும் வாய் திறக்கவில்லை. உறுமி மறுபடியும் அதிர்ந்தது. முத்துமீனா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து மாமனின் இடுப்பில் மோதினாள்.

விருமாண்டி அத்தனையையும் எடுத்தான். சிலவற்றில் தலைகள் வெட்டுப்பட்டிருந்தன என்பது பின்னர்த் தெரிந்தது.

---

சீர்த்தட்டுகளை மேடையில் இறக்கும்போது, பதினோராவது தட்டைப் பார்த்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வெற்றிலைக்கும் கற்கண்டுக்கும் நடுவே இரண்டு செல்லூர்ப் பேட்டரிகள் இருந்தன.

"கோவத்துல வச்சேன் மச்சான்" என்றான் சூரியபிரகாஷ், நெளிந்துகொண்டே. "நீங்க பாத்து எரியணும்னு. எடுத்துரட்டுமா?"

"சீரா வந்தத எடுக்கக் கூடாது" என்று சொல்லி, அழகுராஜா விருமாண்டியிடமிருந்து கேமராவை வாங்கினான். கம்பெனி பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தட்டிலிருந்த பேட்டரியைச் செருகினான். "டூப்ளிகேட்னு சொன்னேன்ல, அதுக்காக."

"டூப்ளிகேட் வேற, இது வேற மச்சான். கம்பெனி பேரப் போட்டு ஏமாத்துனா அதுதான் டூப்ளிகேட். அது உப்பும், கேமராவையே கெடுக்கும்; நான் தொடவே மாட்டேன். இது தன் சொந்தப் பேரப் போட்டுத் தைரியமா நிக்கிது. ஒண்ணே ஒண்ணு..."

"என்ன?"

"பொட்டு மட்டும் வச்சுராதீங்க."

மேடையே சிரித்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் சிரிப்பு அடங்கியது. முத்துமீனா மாமன் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து எச்சரித்தாள்: "மாமா, வலிச்சா உன்னக் கடிச்சு வச்சுருவேன்."

"கடி தாயி. அதுக்குத்தான் மாமன்."

ஊசி இறங்கியது. அவள் சொன்ன சொல் தவறாமல் கடித்தாள். மருமகளைவிட மாமனே உரக்கக் கத்தினான். அந்த நொடி, கண்ணீரும் பல்லும் திறந்த வாயுமாக, செல்லூர்ப் பேட்டரியின் தயவில் பழுதின்றிப் பதிவாயிற்று.

---

ஒரு மணிக்குப் பந்தியில் மச்சானும் மாப்பிள்ளையும் அடுத்தடுத்த இலைகளில் அமர்ந்தார்கள். அழகுராஜா இடக்கையால் கேமராத் திரையைக் காட்டினான்.

"கம்பெனி பேட்டரியா இருந்தா இந்நேரம் ஒரு கட்டங்கூடக் கொறஞ்சிருக்காது. உன்னோடது ரெண்டு கொறஞ்சிருச்சு, பாத்துக்க."

"நான் இல்லேன்னா சொன்னேன்? உழைப்புக்கு அது, அவசரத்துக்கு மாத்திக்க இது. ரெண்டும் பையில இருந்தா எவன் கல்யாணத்துலயும் தலை குனிய வேண்டியதில்ல."

அழகுராஜா சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "நாளைக்குச் செல்லூர் வாரேன் மாப்ள. காசிமாயன் அண்ணன் வீட்டுல போயி, அன்னைக்குத் தப்பு என்னோடதுன்னு சொல்லிர்றேன்."

சூரியபிரகாஷின் கை இலைக்கும் வாய்க்கும் இடையே நின்றது. காலையிலிருந்து அவன் முகத்தில் இருந்த மலர்ச்சி சற்றே மங்கியது.

"நாளைக்குப் போனா பிரயோசனமில்ல மச்சான்."

பாயச வாளியுடன் வந்த நாகஜோதி நின்றாள். "ஏன்டா?"

"தாலி கட்டுற படந்தான் போச்சு, வேற நல்ல படமாச்சும் எடுத்துக் குடுப்போம்னு அப்புறம் அந்த வீட்டுக்குப் போனேன்க்கா. ரெண்டு மூணு தடவ."

"ரெண்டு மூணு தடவையா?"

"மூணு வருசமா."

நாகஜோதி வாளியைத் தரையில் வைத்தாள். "அந்த வீட்டுல ரெண்டாவது பொண்ணு ஒண்ணு இருக்குல்ல? திவ்யா?"

அவன் இலையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

"காசிமாயன் அண்ணனுக்குத் தெரியுமாடா?"

"போன மாசம் திவ்யாவே சொல்லிருச்சு. 'போயும் போயும் அந்த டூப்ளிகேட் பேட்டரிக்காரனா?'ன்னு கேட்டாராம். அதுக்கப்புறம் என் பேர வீட்டுக்குள்ள எடுக்கக் கூடாதுன்னுட்டாரு. இன்னைக்கு மூணு மணிக்கு உசிலம்பட்டியில இருந்து பொண்ணு பாக்க வாராங்க. எல்லாம் பேசி முடிச்ச மாதிரிதான். இன்னைக்கே பூ வச்சுருவாங்க."

"இத வியாழக்கெழம எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லடா!"

"நீயே அழுதுக்கிட்டு இருந்த. நான் என்னத்தச் சொல்ல?"

டூப்ளிகேட் பேட்டரிக்காரன். அந்தப் பெயரைச் செல்லூருக்குக் கொடுத்தவன் யார் என்பது அழகுராஜாவுக்கு நன்றாகவே தெரியும். அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஒன்று இருபது. சந்தனப் பொட்டு அழியாத அந்தப் பேட்டரி மைத்துனனின் துண்டு முடிச்சில் இருந்தது. அதை வாங்கித் தன் மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பாயசம் விழாத இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்தான்.

"ஜோதி, வெத்தலை பாக்கு மிச்சமிருக்கா?"

"இருக்கு. எதுக்குங்க?"

"விருமா, வண்டிச் சாவியக் குடு. மாப்ள, என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க? கையக் கழுவு, செல்லூருக்குக் கெளம்புவோம்."